ஆயிரம் நாற்காலியும் நூறு நாளும்: சென்னையின் பழைய தியேட்டர்கள் ஏன் போயின?

சென்னையின் மிகப் பழைய சினிமா தியேட்டர்களில் ஒன்று இன்னும் இடிபடாமல் நிற்கிறது. அங்கே இப்போது ஸ்டாம்ப் விற்கிறார்கள்.

அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அது இருக்கும் பழைய கட்டடம்தான் எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டியது. ஊரில் மின்சாரமே புதுசாக இருந்த நேரத்தில் அந்தப் பெயரே பாதி விளம்பரம். ஆனால் இரண்டு வருடம் போலத்தான் ஓடியது. அப்புறம் தபால் துறை வாங்கிக்கொண்டது. படம் காட்டுவதை நிறுத்தியதால் பிழைத்துக்கொண்ட தியேட்டர் என்று அதைச் சொல்லலாம். அதற்குப் பின்னால் அதே சாலையில் வந்து, ஐம்பது அறுபது வருடம் கூட்டம் தாங்காமல் ஓடியவை எல்லாம் அனேகமாகப் போய்விட்டன.

கெயிட்டி, சித்ரா, வெலிங்டன், நியூ எல்பின்ஸ்டன், பிளாசா, மிட்லண்ட், குளோப், பாரகன், சாந்தி, ஆனந்த், சஃபையர். மவுன்ட் ரோட்டிலும் (அண்ணா சாலையின் பழைய பெயர்) அதை ஒட்டிய தெருக்களிலும் இவ்வளவு இருந்தன. எல்லாம் நடக்கிற தூரம்தான். ஒன்றில் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை மாட்டிவிட்டால் அடுத்ததுக்கு நடப்பார்கள். அதுவும் நிறைந்திருந்தால் அதற்கடுத்தது. எந்தப் படம் பார்க்கக் கிளம்பினோமோ அதைப் பார்க்காமல், எது கிடைத்ததோ அதைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ் பிடித்தவர்கள் அன்றைக்கு ஏராளம். இன்று அந்த வரிசையில் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியவை தேவியும் கேசினோவும்தான்.

ஏன் போயின என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது, இப்போது ஃபோன். பொய்யில்லை. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு சரியாக உட்கார்வதில்லை. சென்னைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1983-ல், அசோக் நகரில் உதயம், சூரியன், சந்திரன் என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு படம் என்று ஊரே டிவி முன்னால் கிடந்த அந்தப் பத்து வருடத்தில் தியேட்டர்காரர்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

என் கணிப்பு வேறு. பழைய தியேட்டர் என்பது மெதுவாக ஓடும் சினிமாவுக்காகக் கட்டிய கட்டடம். சினிமா வேகமாக ஓடத் தொடங்கியதும் அந்தக் கட்டடத்துக்கு வேலை இல்லாமல் போனது. வேலையில்லாத பெரிய கட்டடம் விலையேறிய மண்ணில் நின்றால் என்ன ஆகுமோ, அது ஆனது.

1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தபோது சென்னை நகரத்தில் அது ஓடியது மூன்று தியேட்டரில். தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. சிவாஜி படம் என்றால் சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி என்று ரசிகர்கள் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு ஒரு பெருநகரத்தில் மூன்றே இடம். அன்று சென்னையின் மக்கள்தொகை கிட்டத்தட்ட 25 லட்சம். தியேட்டருக்கு ஆயிரம் நாற்காலி, தினம் மூன்று காட்சி என்று தோராயமாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் பேர். நூறு நாளைக்கு ஒன்பது லட்சம். ஊரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்து முடிக்கவே நூறு நாள் தேவைப்பட்டது. படம் ‘நூறு நாள் ஓடியது’ என்பதில் படத்தின் பெருமை பாதிதான். மீதிப் பாதி, உட்கார இடம் இல்லாத நெருக்கடி.

இதே ஒன்பது லட்சம் நாற்காலியை இன்றைய கணக்கில் போட்டுப் பாருங்கள். நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக அறுபது திரை, ஒவ்வொன்றிலும் முந்நூறு இருக்கை, தினம் ஐந்து காட்சி என்று வைத்துக்கொண்டால் பத்து நாளில் தீர்ந்துவிடும். நூறு நாள் பத்து நாளாகச் சுருங்கியது. ஜனம் குறையவில்லை, மூன்றாவது வாரத்துக்கு அவர்களில் யாரும் பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

அன்று ஏன் மூன்றே தியேட்டர்? படம் என்பது ஒரு பொருளாக இருந்தது. கையால் தூக்க வேண்டிய, கனமான பொருள். 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு அடி. ஆயிரம் அடி ரீலில் சுற்றினால் பதினான்கு ரீல். அதைத் தகரப் பெட்டிகளில் போட்டு ரயிலிலும் பஸ்ஸிலும் அனுப்புவார்கள். ‘பெட்டி வந்தாச்சா?’ என்பதுதான் வெள்ளிக்கிழமை காலையில் தியேட்டர் வாசலில் கேட்கும் முதல் கேள்வி. படம் தோற்றால் ‘பெட்டிக்குள்ளே சுருண்டது’ என்போம். அளந்துவிடுகிறவனை ‘ரீல் விடாதே’ என்போம். ஃபிலிம் போய்ப் பல வருடமாகியும் பேச்சிலிருந்து ரீல் போகவில்லை.

இப்படி ஒரு பிரிண்ட் போடுவதற்கு, ஃபிலிமின் கடைசிக் காலமான 2000-களில், அரை லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அதனால் எண்ணி எண்ணித்தான் போடுவார்கள். சில சமயம் ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே ஒரு காட்சியை அரை மணி நேரம் முன்னால் தொடங்குவார்கள். ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் அடுத்த தியேட்டருக்கு மிதிப்பார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே இடைவேளை நீளும். முறுக்குக்காரருக்கு யோகம்.

அந்தச் சைக்கிள்காரரைத் தெரிந்ததால்தான் எனக்கு ஆப்பரேட்டர் அறைக்குள் போகக் கிடைத்தது. வட சென்னையில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த தியேட்டர். மாடியில் அடுப்படி அளவுக்கு ஓர் அறை. இரண்டு புரொஜெக்டர், நடுவே ஒரு ஸ்டூல், சுவரில் பிள்ளையார் படம். புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே இருக்கும். மின்சாரம் பாய்ந்து அவற்றின் நுனிக்கு நடுவே வெல்டிங் பொறி மாதிரி ஒளி நிற்கும். குச்சி எரிந்து எரிந்து குட்டையாகும். இடைவெளி கூடினால் வெளிச்சம் மங்கும். ஆப்பரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டே இருப்பார். கீழே ‘ஆப்பரேட்டர், தூங்குறியா?’ என்று கத்துவது திருகு கொஞ்சம் தாமதமான நொடியில்தான்.

அவர்தான் எனக்கு அந்தப் புள்ளியைக் காட்டினார். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண்சிமிட்டும். முதல் தடவை வந்தால் இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடி கழித்து மறுபடி வரும். அந்தக் கணத்தில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். கீழே ஆயிரம் பேருக்கும் ஒன்றும் தெரியக் கூடாது. ‘தெரிஞ்சா நான் வேலையை ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம் தம்பி’ என்றார். அன்று முதல் எந்தப் படம் பார்த்தாலும் என் கண் வலது மூலைக்குத்தான் போகும். பல சண்டைக் காட்சிகளை நான் முழுசாகப் பார்க்காமல் போனதற்கு அவர்தான் பொறுப்பு.

இந்தத் தொழிலை இங்கே ஊன்றியவர்கள் முதலில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள்தான். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு கூடாரம் அடித்துக் கிளம்பினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தியேட்டர் பேரில்தான் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு. சென்னையில் ரகுபதி வெங்கையா. மவுன்ட் ரோட்டில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். படம் காட்டிக்கொண்டு பர்மா, இலங்கை வரை போய் வந்து, 1914 வாக்கில் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் ஓர் இந்தியர் கட்டிய முதல் தியேட்டர் அது. தங்க சாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று மேலும் இரண்டு. மவுன்ட் ரோடு குளோப் வேறு; இந்தப் புரசைவாக்கம் குளோப்தான் பிற்பாடு ராக்ஸி ஆனது. இன்று அங்கே சரவணா ஸ்டோர்ஸ். ராக்ஸி வாசலில் டிக்கெட்டுக்கு இடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் இப்போது பில் போட இடித்துக்கொண்டு நிற்கிறோம். புரசைவாக்கத்துக்காரர்களுக்கு வரிசை விதி போலிருக்கிறது.

தமிழ் பேசும் முதல் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் ஜார்ஜ் டவுன் பக்கம் கினிமா சென்ட்ரலில் வெளியானது. பிற்பாடு முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய இடம். படம் பேச, பாட ஆரம்பித்ததும் கூட்டம் பெருகியது, கொட்டகை கட்டடமானது, கட்டடம் பெரிதானது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இதை அதில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்வார்கள். சரிதான். கூடவே, ஒரு படத்தை மூன்று தீபாவளி வரை வைத்திருந்தாலும் நஷ்டமில்லை என்ற மெதுவான வியாபாரத்தின் உச்சமும் அதுதான்.

அந்த வியாபாரத்துக்கு ஏற்ற மாதிரிதான் தியேட்டரின் உடம்பும் இருந்தது. வாசலே ஒன்றில்லை, பல. தரை டிக்கெட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று, சேருக்கு ஒன்று, பால்கனிக்கு முன்பக்கம் அகலமான படி. பெண்களுக்குத் தனிக் கவுண்டர். ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்க்கும் தரை டிக்கெட்டுக்காரரும் பால்கனிக்காரரும் வாழ்நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். விசில் சத்தம் மட்டும் கீழேயிருந்து மேலே போகும். ‘தரை டிக்கெட்’ என்பது இன்றும் ஒரு வசைச்சொல்லாக நிற்கிறதே, அது இந்தக் கட்டடத்திலிருந்து வந்ததுதான்.

தரை டிக்கெட் கவுண்டர் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். இரண்டு சுவருக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையும் சந்து. மேலே கம்பி வலை, யாரும் ஏறிக் குதிக்காமல் இருக்க. இருந்தும் ஏறுவார்கள், தலைகளின் மேலேயே நடப்பார்கள். சந்தின் கோடியில் இருட்டில் ஒரு ஓட்டை. கைவிட்டால் மணிக்கட்டு வரைதான் போகும். உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. காசை விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டு கையை நுழைத்தால், காசை உருவிவிட்டு உள்ளங்கையில் பட்டம் மாதிரி மெல்லிசான ஒரு ரோஸ் காகிதத்தைத் திணிப்பார்கள். கையை வெளியே இழுக்கும்போது தோல் உரியும். முதல் நாள் முதல் காட்சிக்கு ஒரு தடவை அப்படிப் போய், டிக்கெட்டோடு வெளியே வந்தபோது ஒரு கால் செருப்பு இல்லை. படம் முடிந்து தேடினால் சந்துக்குள் முப்பது நாற்பது செருப்பு கிடந்தது. எதுவும் ஜோடி இல்லை. கிடைத்ததில் அளவு சரியாக இருந்த ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மவுன்ட் ரோடு தியேட்டர்கள் வேறு ஜாதி. 1961-ல் வந்த சாந்தி, ஏ.சி.யும் குஷன் இருக்கையுமாக வந்தது. ஜி. உமாபதி கட்டியதைச் சிவாஜி கணேசன் வாங்கினார். அதே வருடம் ‘பாவமன்னிப்பு’ அங்கே வெளியானபோது தியேட்டருக்கு மேலே ராட்சத பலூன் பறக்கவிட்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். படக் கதையை விட பலூன் கதைதான் நீளமாக வரும். 1964-ல் வந்த சஃபையர் வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என மூன்று தியேட்டர். ‘கிளியோபாட்ரா’வோடு திறந்தார்கள். மல்டிபிளெக்ஸ் என்ற சொல்லை இங்கே யாரும் கேள்விப்படாத காலம். அதற்குள்ளேயே நைன் ஜெம்ஸ் என்று நடன அரங்கு வேறு. இதில் புளூ டைமண்ட் ஓர் அதிசயம். படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பாதியில் நுழைந்து, கிளைமாக்ஸ் பார்த்து, அப்படியே உட்கார்ந்து தொடக்கத்தைப் பார்த்து, ‘இங்கதானே வந்தோம்’ என்று எழுந்து வரலாம். வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குவதற்கென்றே டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு. ஏ.சி. சாமானியர் வீட்டில் இல்லாத நாளில் அது அவ்வளவு மோசமான செலவில்லை.

சஃபையர் 1990-களின் நடுவில் போய்விட்டது. இடித்த பிறகு அந்த மனை வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. ஒரு தியேட்டரை எடுத்துவிட்டு வேறொன்று கட்டினாலாவது மனசு ஆறும். ஜெமினிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வெறும் சுற்றுச்சுவரைப் பார்ப்பது என்னவோ போல இருக்கும்.

இனி, சினிமா எப்படி வேகமானது என்பது. 2005-ஐ ஒட்டி டிஜிட்டல் புரொஜெக்ஷன் பரவத் தொடங்கியது. கியூப் என்ற தொழில்நுட்பம் சென்னையிலேயே பிறந்தது. பெட்டி போய் ஹார்டு டிஸ்க் வந்தது. பிரிண்டுக்கு அரை லட்சம் என்ற தடை நீங்கியதும், மூன்று தியேட்டரில் போட்ட படத்தை முப்பதில் போடலாம், அறுபதில் போடலாம். போட்டார்கள். திருட்டு வீசிடி வருவதற்குள் காசை எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் படத்தின் தலையெழுத்து முடிவாகியது.

ஆயிரம் நாற்காலி தியேட்டருக்குத் திங்கட்கிழமை காலைக் காட்சி என்ன ஆகும்? நாற்பது பேர் வருவார்கள். நாற்பது பேருக்கும் அதே ஏ.சி., அதே விளக்கு, அதே வாசல் ஆட்கள். முந்நூறு, இருநூறு, நூறு என்று சின்னச் சின்ன அறைகளாக வைத்திருப்பவன் படத்தைத் திங்கட்கிழமை சின்ன அறைக்கு மாற்றிவிட்டு, பெரியதில் வேறு படம் போடுவான். ஒற்றைத் திரைக்காரனால் அது முடியாது. படம் சுருண்டால் அவனும் அதோடு சுருள வேண்டியதுதான். 1970-ல் திறந்த தேவி இன்றும் நிற்பதற்கு, தேவி, பாரடைஸ், பாலா, கலா என்று நான்காக இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ராயப்பேட்டை சத்யமும் அப்படித்தான். சஃபையரும் மூன்றாக இருந்ததே என்று கேட்டால், அது மண் விலையில் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன் டிக்கெட் விலை. தமிழ்நாட்டில் தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. அரசு உச்சவரம்பு வைக்கும். சென்னை மல்டிபிளெக்ஸ்களுக்கே அது பத்து வருடம் போல 120 ரூபாயில் நின்று, 2017-ல்தான் 150 ஆனது. ஒற்றைத் திரைகளுக்கு இன்னும் குறைவு. பார்க்கிறவனுக்கு இது நல்ல விஷயம், நான் குறை சொல்லமாட்டேன். முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் இருந்ததால் ஏ.சி. தியேட்டரில் படம் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் மின்கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. மல்டிபிளெக்ஸ்காரர் பாப்கார்னிலும் பார்க்கிங்கிலும் ஈடுகட்டினார். முறுக்கும் கோலி சோடாவும் விற்ற கேன்டீனைக் குத்தகைக்கு விட்டிருந்த பழைய முதலாளிக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அதன் தலையில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. அந்த மாதம் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் சில நாள் மூடிக் கிடந்தது இதற்காகத்தான்.

லைசென்ஸும் இருக்கிறது. 1955-ஆம் வருடத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ‘சி ஃபார்ம்’ என்று ஒன்று. அதைப் புதுப்பிக்க, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொதுப்பணித் துறை சொல்ல வேண்டும். மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும், ஆயிரம் பேர் உட்காரும் இடம். ஆனால் 1940-களில் எழுப்பிய கூரைக்கு ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய மராமத்துச் செலவு, திங்கட்கிழமை நாற்பது பேரிடம் வசூலாகாது.

இனி மண். பழைய தியேட்டருக்கு இடம் தாராளமாக வேண்டும். அரங்கைச் சுற்றிக் காலி இடம், சைக்கிள் ஸ்டாண்டு, கவுண்டர், கூட்டம் நிற்க முற்றம். பத்துப் பதினைந்து கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) சாதாரணம். அதன் மேல் நிற்பது உயரமான, ஆனால் உள்ளே வெறும் காற்று நிறைந்த ஒரே ஒரு கூடம். அதே மனையில் பல மாடி எழுப்பினால் சதுர அடிக் கணக்கில் விற்கலாம், வாடகைக்கு விடலாம். மவுன்ட் ரோடு, பாண்டி பஜார், புரசைவாக்கம் நெடுஞ்சாலை என்று தியேட்டர்கள் நின்றதெல்லாம் நகரத்தின் முக்கியமான தெருக்களில். தியேட்டர் இருந்ததால்தான் பல தெருக்களுக்கு அந்த மவுசே வந்தது. தான் ஏற்றிவிட்ட விலையே தன்னை விழுங்கியது.

குடும்பமும் ஒரு காரணம். தாத்தா ஆசையாகக் கட்டினார், அப்பா நடத்தினார், பேரன்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஊரில். ஓடுகிற தியேட்டரை எட்டாகப் பிரிக்க முடியாது. விற்ற பணத்தைப் பிரிக்கலாம். மூடும் நாளில் தியேட்டர் வாசலில் பூப் போட்டுக் கும்பிட்ட ரசிகர்கள் உண்டு. பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களை வையவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் இருந்தால் நாமும் போட்டிருப்போம்.

வெலிங்டன் இருந்த இடத்தில் அதே பெயரில் வணிக வளாகம். மயிலாப்பூர் காமதேனுவும் கோடம்பாக்கம் ராமும் கல்யாண மண்டபங்கள். ராயபுரம் பிரைட்டன் வேறு பெயரில் தியேட்டராகவே தொடர்கிறது, அபூர்வமாக. சாந்தி 2016 மே மாதம் மூடியது. 1967 முதல் தண்டையார்பேட்டையில் இருந்த அகஸ்தியாவை 2020-ல் கொரோனா முடித்துவைத்தது. வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரியும் அந்த அலையில்தான் போனது. உதயமும் அண்மையில் போய்விட்டது. இவற்றில் பலவற்றுக்குப் பஸ் ஸ்டாப் மட்டும் மிச்சம். புரசைவாக்கத்தில் ‘மோட்சம்’ தியேட்டர் போய்ப் பல வருடம் ஆகியும், ஷேர் ஆட்டோவில் ‘மோட்சம் ஒண்ணு’ என்று கேட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள்.

ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் சிலவற்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சி. இடைவேளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வர வேண்டிய கழிவறை. முன்னால் தூண். மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை. கவுண்டர் திறந்த கால் மணியில் டிக்கெட் தீர்ந்து, பக்கத்துச் சந்தில் மூன்று மடங்கு விலைக்குக் கிடைத்த பிளாக் டிக்கெட். கூட்டத்தில் பெண்கள் பட்ட அவஸ்தையை என் அக்காவிடம் கேட்டால், பழைய தியேட்டரைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டாள். ‘உனக்கென்னடா, நீ ஆம்பளை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வருடம், தியேட்டராக இருந்து மண்டபமாக மாறிய ஓர் இடத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முன்பு திரை இருந்த பக்கம் மணமேடை. அதே உயரம், அதே அகலம். ஓரத்தில் ஒரு படியைக் கூட மாற்றவில்லை என்று பெரியப்பா சொன்னார். எண்பது தாண்டியவர். இந்த இடத்தில் எத்தனையோ படம் பார்த்தவர். முகூர்த்த நேரம் நெருங்கியது. முன்வரிசை காலியாக இருந்தது. பெரியவர்கள் அட்சதை போட வசதியாக இருக்கட்டும் என்று அவரைக் கூப்பிடப் போனேன்.

‘பெரியப்பா, முன்னாடி வந்து உக்காருங்க.’

அவர் கடைசிக்கு முந்தைய வரிசையில், நடுவில், நாற்காலியை நேராக்கி உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

‘நீ போடா. இங்கதான் நல்லா தெரியும். முன்னாடி உக்காந்தா கழுத்து வலிக்கும்.’